தரையில் வயர் இல்லை

அத்தியாயம் 17

போன வாரம் காயல்பட்டினத்தில் ருகையா வீட்டுக்கு ஒரு தூக்குச்சட்டி நிறைய வட்டலாப்ப இனிப்பு வந்ததே, நினைவிருக்கிறதா? அனுப்பியவர் முஹ்யித்தீன் ஹாஜியார். அவருடைய கடைசி மகன் முஜாஹிதுக்கு, ருகையாவின் இளைய மகள் பாஹிமாவைக் கேட்டு வந்த வட்டலாப்பம் அது. ருகையாவும் சும்மா இருப்பவளா? அன்றைக்கே தன் வீட்டுத் தூக்குச்சட்டியில் தம்மடைப் பலகாரம் செய்து அனுப்பி வைத்தாள். ஆக, இந்த வீட்டுச் சட்டி அங்கே. அந்த வீட்டுச் சட்டி இங்கே.

இனிமேல் சட்டிகள் எப்படி வீடு திரும்புகின்றன என்பதில்தான் சங்கதி. இந்த இரண்டு குடும்பங்களிலும் ஒரு வழக்கம் உண்டு. சட்டி நிரம்பித் திரும்பினால் சம்மதம். கழுவித் துடைத்து வெறும் சட்டியாகத் திரும்பினால், வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பொருள். வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லி யாரும் யார் மனதையும் நோகடிக்க வேண்டியதில்லை.

பாஹிமா தன் ஆசையை அக்காள் ருமைஸாவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

"லாத்தா, சட்டி நிரம்பித்தான் போகணும்."

"அவ்வளவு பிடிச்சிட்டா?"

"அவுக தூத்துக்குடி ஹார்பர்லதான் வேலை பாக்காக. சாயங்காலம் ஆனா வீட்டுக்கு வந்துருவாக. வாப்பாவை நாம போன்லதான் பாத்து வளந்தோம். எனக்குப் போன்ல பேசுற மாப்பிள்ளை வேண்டாம். எதிர்ல உக்காந்து பேசுற மாப்பிள்ளை வேணும்."

தங்கை இதுவரை எதையும் வேண்டும் என்று கேட்டதே கிடையாது. இந்த ஒன்றை எப்படியாவது நடத்திக் கொடுத்துவிட வேண்டும் என்று ருமைஸா அப்போதே மனதுக்குள் முடிவு செய்துகொண்டாள்.

வாப்பா ஹாங்காங்கில் இருக்கிறார். அவர் போனில் சொன்னது ஒரே வார்த்தை. "ஊர்ல இருக்கிற பெரிய மாப்பிள்ளையைக் கேட்டுக்கோ. அவர் சரின்னா எனக்கும் சரி."

பெரிய மாப்பிள்ளை என்றால் அனஸ். ருமைஸாவின் கணவன். அவனும் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில்தான் வேலை பார்க்கிறான். இந்த ஊர் வழக்கப்படி கல்யாணமானதிலிருந்து பெண் வீட்டிலேயே குடியிருக்கிறான். தங்கமான பிள்ளை. அவனிடம் ஒரு வார்த்தை கேட்பதில் என்ன சிக்கல் வந்துவிடப் போகிறது என்று நீங்களும் நானும் நினைத்திருப்போம்.

சிக்கல் அவன் காதில் இருந்தது.

*

ருகையா மருமகன் முன்னால் வந்து நின்று பேசமாட்டாள். ஊரில் பாதி வீடுகளில் இந்த வழக்கம் எப்போதோ தளர்ந்துவிட்டது. ருகையா தளரவில்லை. அனஸின் அறை வாசலில் ஒரு நீலத் திரை தொங்கும். அதற்கு அந்தப் பக்கம் நின்று, தலையைக் குனிந்து தரையைப் பார்த்தபடிதான் பேசுவாள். அவனும் இந்தப் பக்கம் இருந்து மரியாதையாகப் பதில் சொல்லுவான். இத்தனை வருடங்களில் மருமகனின் கால் விரல்களை ருகையா அறிந்த அளவுக்கு அவன் முகத்தை அறிந்தவளில்லை.

அனஸுக்கு ஒரே ஒரு பழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை அவனுக்கு விடுமுறை. ஜித்தா, தம்மாம், குவைத் என்று சிதறிக் கிடக்கும் பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகளுக்கும் அன்றுதான் விடுமுறை. எல்லாரும் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில் ஒன்றுகூடி, ஒரு தீவில் இறங்கி, கண்ணில் பட்டவர்களைச் சுட்டுக்கொண்டிருப்பார்கள். சுடுவது பாதி, பழங்கதை பேசுவது பாதி. அதற்கு அவன் காதில் ஒரு ஹெட்செட் மாட்டியிருப்பான்.

பழைய ஹெட்செட்டுக்கு வயர் இருந்தது. அந்தச் சுவரோரம் கம்ப்யூட்டர், இந்தச் சுவரோரம் அவன் நாற்காலி. வயர் நடுவில், வாசலுக்கு நேராகத் தரையில் கிடக்கும். திரை தரையைத் தொடாமல் ஒரு சாண் ஏறியே நிற்கும் என்பதால் ருகையாவுக்கு அது நன்றாகத் தெரியும். வயர் கிடந்தால் மருமகன் காது அடைபட்டிருக்கிறது என்று திரும்பிப் போய்விடுவாள். வயர் இல்லையென்றால் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச்சைத் தொடங்குவாள். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்காமல் தானாக அமைந்த ஏற்பாடு இது.

இதைக் கெடுத்தவள் ருமைஸாதான். வேண்டுமென்று செய்யவில்லை. இந்த வீட்டுக்கும் ஹாஜியார் வீட்டுக்கும் வேலைக்குப் போய்வரும் சந்தனச்செல்வி அந்த வயரில் கால் தடுக்கி, தேநீர்த் தட்டோடு விழுந்தாள். அடுத்த வாரமே ருமைஸா தன் டியூஷன் காசில் கணவனுக்கு வயர் இல்லாத ஹெட்செட் வாங்கிப் பரிசளித்தாள். அனஸ் பூரித்துப் போனான்.

பூரிப்பு சீக்கிரமே வடிந்தது. வயர் இல்லாத ஹெட்செட்டுக்குச் சோறு போடுவது போல வேளாவேளைக்குச் சார்ஜ் போட வேண்டும். மறந்தால் சண்டை உச்சத்தில் இருக்கும்போது உயிரை விட்டுவிடும். அதைக் கம்ப்யூட்டரோடு சேர்த்து வைக்க நகத்தளவில் ஒரு குச்சி உண்டு. அது ஒருநாள் சந்தனச்செல்வியின் துடைப்பத்தில் மாட்டி, குப்பைத் தொட்டி வரை போய்த் திரும்பி வந்தது. கடற்கரை ஊரின் புழுக்கத்தில் அதை மாட்டிக்கொண்டால் காது இரண்டும் வெந்துவிடும். தலையில் மாட்டியது மறந்துபோய் அப்படியே கிணற்றடிக்குப் போய்விடுவான். அங்கே முகம் கழுவிக்கொண்டே ஜித்தாவோடு பேசுவான்.

இதெல்லாம் சின்னக் குறைகள். பெரிய குறை இந்த வெள்ளிக்கிழமைதான் வெளியே வந்தது.

*

காலையில் ருமைஸா மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். மாடி அறை முழுக்கப் பச்சைப் பெயின்ட். கண்ணைப் பறிக்கிற பச்சை. மருமகன் ஆசைப்பட்டார் என்று ருகையா போன மாதம்தான் அடித்து முடித்தாள். அனஸ் அந்த அறைப் பக்கமே போவதில்லை என்பது ருமைஸாவுக்குக் கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருந்தது.

கீழே இறங்கி வந்தால், ருகையா அடுப்படியில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறாள். கை ஈரமாக இருந்தது. கண்ணும்தான்.

"என்ன உம்மா?"

"மாப்பிள்ளைகிட்டக் கேட்டுட்டேன். இது சரிப்படாது."

"என்ன சொன்னாக?"

"என் வாயால சொல்லவே வெக்கமா இருக்கு. 'அந்த முஜாஹித் பையனைப் பத்தி என்ன நினைக்கீங்க மாப்பிள்ளை'ன்னு கேட்டேன். 'அவனா, அவனைச் சேக்கவே வேண்டாம்'னாக. எனக்கு நெஞ்சு திக்குன்னு ஆயிட்டு. 'நல்ல பையன்னுதானே ஊர்ல சொல்லுதாக'ன்னேன். 'போன வெள்ளிக்கிழமை நம்பிக் கூட்டிட்டுப் போனோம். நம்மளை நடுவுல விட்டுட்டுத் தனியா ஓடிட்டான். போய்க் குளத்துக்குள்ள முங்கி ஒளிஞ்சிக்கிட்டான்'னாக."

"குளத்துக்குள்ளயா?"

"நானும் அப்படித்தான் கேட்டேன். 'தலையை மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருந்தான்'னாக. ஏளா, நீயே சொல்லு. குளத்துல முங்கிக் கெடக்கிற ஆளுக்கா நம்ம பிள்ளையைக் குடுக்கது?"

ருமைஸாவுக்கு ஏதோ பொறி தட்டியது. "வேற என்ன சொன்னாக உம்மா?"

"துப்பாக்கியைக் கையில குடுத்தாலும் சுடத் தெரியாதுன்னாக. அது ஒரு பேச்சுக்குச் சொன்னதுன்னு விட்டுட்டேன்."

ருமைஸா உம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உம்மா, அவுக காதுல ஹெட்செட் இருந்திருக்கும். கூட்டாளிகளோட விளையாடிக்கிட்டு இருந்திருப்பாக."

"எனக்குத் தெரியாதாக்கும்? பாத்துட்டுத்தானே பேசினேன். தரையில வயர் இல்ல."

அந்த ஒரு வாக்கியத்தில் ருமைஸாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பரிசு வாங்கிக் கொடுத்த தன் கையை வெட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"ஹாஜியார் வீட்டுச் சட்டி எங்க உம்மா?"

"சந்தனச்செல்விகிட்டக் குடுத்து அனுப்பிட்டேன். ஜும்ஆத் தொழுகையில ஆம்பளைங்க ஒருத்தரை ஒருத்தர் பாப்பாக. அதுக்கு முன்னால பதில் போயிரணும்லா."

"வெறும் சட்டியாவா?"

ருகையா தலையை ஆட்டினாள். அடுப்படி வாசலில் பாஹிமா நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. திரும்பி உள்ளே போனாள். அவள் அழுதிருந்தால்கூட ருமைஸாவுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

*

அனஸ் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.

"மச்சான்."

"இடது பக்கம், இடது பக்கம். மரத்துக்குப் பின்னால நிக்கான்."

"மச்சான், உங்களைத்தான்."

"விடு, நான் பாத்துக்கிடுதேன்."

ருமைஸா போய் ஒரு பக்கத்துக் காதிலிருந்து ஹெட்செட்டைத் தூக்கினாள். காது பழுத்த மிளகாய் நிறத்தில் சிவந்து வேர்த்திருந்தது. அனஸ் பதறித் திரும்பினான்.

"உம்மா உங்ககிட்ட முஜாஹிதைப் பத்திக் கேட்டாக."

"எப்ப?"

"இப்பத்தான். குளத்துல முங்கி ஒளிஞ்சான்னு சொன்னீங்களாம்."

"ஆட்டத்துல குளத்துல முங்கினது குவைத்து ஹனீபால்லா? இன்னைக்கு அவனைச் சேக்கணுமான்னு பசங்க கேட்டாங்க, வேண்டாம்னேன்." சொல்லிக்கொண்டே வந்தவன் நின்றுவிட்டான். "மாமி அதை..."

"முஜாஹித்னு நினைச்சிட்டாக. சட்டி வெறும் சட்டியாப் போயிட்டு."

அனஸ் தலையில் கைவைத்தான். கை ஹெட்செட்டில் இடித்தது. அதற்குள்ளிருந்து சின்னச் சின்னக் குரல்கள் ஏதோ கத்திக்கொண்டிருந்தன. மறுபடி காதில் வைத்துக் கேட்டான். கேட்கக் கேட்க அவன் முகம் இறங்கிக்கொண்டே போனது.

"என்ன சொல்லுதாக?"

"மாமி பேசினதெல்லாம் அவங்களுக்குக் கேட்டிருக்கு."

புது ஹெட்செட் வந்த அன்று அனஸ் அதன் மைக்கைப் பற்றிப் பெருமையடித்தது ருமைஸாவுக்கு நினைவு வந்தது. முற்றத்து முருங்கையில் இலை விழுந்தாலும் பிடிச்சிரும் என்றானே. இலையைப் பிடித்ததோ இல்லையோ, திரைக்குப் பின்னால் இருந்த மாமியைப் பிடித்துவிட்டது. மைக்கில் போவது மாட்டியிருப்பவனுக்குக் கேட்காது. மற்ற எல்லாருக்கும் கேட்கும். ஆண்கள் முன் வராமல் கோஷா காத்த ருகையாவின் குரல் இன்று ஜித்தா, தம்மாம், குவைத் மூன்று ஊரிலும் ஒரே நேரத்தில் ஒலித்திருக்கிறது.

"அதுல யாரெல்லாம் இருந்தா?"

"நடுவுல ஜுபைர் வந்து சேந்தானாம். 'குளத்துல ஒளியுற பையனுக்கு எங்க பிள்ளையைக் குடுக்க மாட்டோம்'னு மாமி சொன்னதைக் கேட்டுட்டு, 'போன் பேசிட்டு வாரேன்'னு போயிட்டானாம்."

ஜித்தா ஜுபைர், முஜாஹிதின் மூத்த அக்காள் கணவன். ஒரு 'வேண்டாம்' சந்தனச்செல்வியின் இடுப்பில் போய்க்கொண்டிருக்கிறது. இன்னொரு 'வேண்டாம்' ஜித்தா வழியாகச் சுற்றிக்கொண்டு போய்க்கொண்டிருக்கிறது. இதில் எதை முதலில் பிடிப்பது?

"சட்டியைப் பிடிப்போம்" என்றாள். "நீங்க வண்டியில தெரு வழியாப் போங்க. நான் முடுக்கு வழியாப் போறேன்."

அனஸ் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தான். நாலு வீடு தாண்டியதும் அவன் காதுக்குள் ஒரு பெண் ஆங்கிலத்தில், தொடர்பு அறுந்துவிட்டது என்று அறிவித்தாள். அப்போதுதான் ஹெட்செட்டைக் கழற்றவில்லை என்பதே அவனுக்குத் தெரிந்தது. திரும்பி வந்து முன்னறை மேசையில் அதைப் போட்டுவிட்டு மறுபடி ஓடினான். அணைக்க மறந்துவிட்டான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

*

காயல்பட்டினத்தில் வீடுகளுக்கு இடையே ஒடுங்கிய முடுக்குகள் உண்டு. பெண்கள் போய்வரும் வழி. ஆண்கள் அதற்குள் நுழைவதில்லை. அனஸ் தெருவில் வண்டியை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் சந்தனச்செல்வி அவன் கண்ணில் படப்போவதில்லை என்பது, பர்தாவை இழுத்துப் போட்டுக்கொண்டு பாதி வழி ஓடியபிறகுதான் ருமைஸாவுக்கு உறைத்தது.

நல்லவேளையாக சந்தனச்செல்வி எந்த வேலையையும் நேராகப் போய் முடிப்பவள் இல்லை. முடுக்கு திரும்புகிற இடத்தில், மீன் கூடையோடு வந்த மரியசெல்வியை நிறுத்தி வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். சட்டி அவள் இடுப்பில்தான் இருந்தது.

ருமைஸா மூச்சிரைக்க வந்து நின்றாள். "சட்டியைக் குடுங்க."

"இரு பிள்ள, மீனை எடுத்துக்கிடுதேன்."

"எந்த மீனை?"

சந்தனச்செல்வி மூடியைத் திறந்து காட்டினாள். உள்ளே நாலைந்து சாளை பளபளவென்று கிடந்தன.

"வெறும் சட்டிதானேன்னு எங்க வீட்டுக்கு ரெண்டு வாங்கிப் போட்டேன். அங்கன போய் எடுத்துட்டு, கழுவித்தான் குடுப்பேன். நான் என்ன அவ்வளவு விவரம் கெட்டவளா?"

நிரப்பிய சட்டி சம்மதம், வெறும் சட்டி மறுப்பு. சாளை போட்ட சட்டிக்கு என்ன அர்த்தம் என்று இரண்டு குடும்பத்திலும் யாரும் சொல்லி வைத்ததில்லை. ருமைஸாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மீனை ஒரு காகிதத்தில் கொட்டிக் கொடுத்துவிட்டுச் சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"அப்ப நான் திரும்பி வரவா?"

"வேண்டாம். நீங்க பாட்டுக்கு அவுக வீட்டு வேலைக்குப் போங்க. ஒன்னும் பேசிராதீங்க."

"நான் எங்க பேசப் போறேன்?" என்று சொல்லிவிட்டு சந்தனச்செல்வி மரியசெல்வியிடம் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தாள்.

*

வீட்டுக்கு வந்து சட்டியைப் புளி போட்டுத் தேய்த்து, மீன் வாடை போகும்வரை கழுவி, அனஸ் நேற்றுத் தூத்துக்குடியிலிருந்து வாங்கி வந்திருந்த மக்ரூனை அதில் நிரப்பினாள் ருமைஸா. நிமிர்ந்தால் ருகையா போனை வைத்துவிட்டு நிற்கிறாள்.

"ஹாஜியார் வீட்டம்மா பேசினாக. 'எங்க பிள்ளை எந்தக் குளத்துல ஒளிஞ்சான், சொல்லுங்க'ன்னு கேக்காக. ஜித்தாவுல இருந்து போன் வந்துச்சாம். நான் வீட்டுக்குள்ள பேசினது அங்கன எப்படிளா போச்சு?"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எங்க பெரிய மாப்பிள்ளை ஒன்னு சொன்னா அது சரியாத்தான் இருக்கும்னு சொல்லிட்டேன்."

மருமகனுக்காக மாமியார் இப்படி விட்டுக்கொடுக்காமல் பேசினால் எந்த மகளுக்கும் பெருமையாக இருக்கும். இன்றைக்கு மட்டும் ருமைஸாவுக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அதற்குள் அனஸ் வந்துவிட்டான். வியர்த்து வழிய, தன் அறைக்குள் போய்த் திரைக்குப் பக்கத்தில் நின்றான். ருமைஸா உம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து இந்தப் பக்கம் நிறுத்தினாள்.

"மாமி" என்றான் அனஸ். "காலையில நீங்க பேசினது எதுவுமே எனக்குக் கேக்கல. நான் கூட்டாளிகளோட பேசிக்கிட்டு இருந்தேன். இந்தப் புது ஹெட்செட்டுக்கு வயர் கிடையாது."

ருகையா தரையைப் பார்த்தபடியே நின்றாள். புரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"வயர் இல்லாமலே காதுல கேக்குமா?"

"கேக்கும் மாமி."

"இது எப்ப வந்தது?"

"நோன்புப் பெருநாளைக்கு ருமைஸா வாங்கிக் குடுத்தா."

ருகையா மனதுக்குள் பெருநாளிலிருந்து நடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு வந்தாள் என்று தெரிந்தது.

"அப்ப கிணத்து மோட்டாரை மாத்தச் சொன்னது?"

"மோட்டாரா? எனக்குத் தெரியாதே மாமி."

"சாச்சி வீட்டுக் கல்யாணத்துக்குப் போக வேண்டாம், ஆபத்துன்னு சொன்னீங்களே?"

"சொல்லலையே. யாருக்குக் கல்யாணம்?"

ருகையா கடைசியாகக் கேட்டாள். "மாடி ரூமுக்குப் பச்சை?"

திரைக்கு அந்தப் பக்கம் அனஸின் கால் விரல்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன.

"அது நீங்க ஆசைப்பட்டு அடிச்சதுன்னுல்லா நினைச்சேன்" என்றான் அனஸ். "எனக்குப் பச்சை கண்ணைக் கூசும் மாமி. உங்க மனசு கஷ்டப்படக்கூடாதுன்னுதான் வாயைத் திறக்கல."

"'பச்சைதான் பாதுகாப்பு, பச்சைக்குள்ள இருந்தா யாரும் பாக்க முடியாது'ன்னு நீங்கதானே சொன்னீங்க."

"அது புதருக்குள்ள ஒளியுறதுக்குச் சொன்னது."

ருமைஸாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. வாயில் துணியை வைத்து அடைத்துக்கொண்டாள். சிரித்தால் உம்மா மனம் நொந்துவிடும். ஆனால் உம்மாவின் தோள்கள்தான் முதலில் குலுங்கின. அழுகிறாளோ என்று ருமைஸா பயந்து எட்டிப் பார்த்தாள். ருகையா சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் ஒரு காரியம் செய்தாள். கையை நீட்டி, அந்த நீலத் திரையைப் பிடித்து ஓரமாகத் தள்ளினாள். முதல்முறையாக மருமகனின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

அனஸ் என்ன செய்வதென்று தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டான்.

"நிமிருங்க மாப்பிள்ளை. இனிமே முகத்தைப் பாத்துத்தான் பேசுவேன். தரையைப் பாத்துப் பேசி வந்த லாபம் போதும். இப்பச் சொல்லுங்க. முஜாஹிதுக்கு நம்ம பாஹிமாவைக் குடுக்க உங்களுக்குச் சம்மதமா?"

அனஸ் நிமிர்ந்தான். "நல்ல பையன் மாமி. ஆனா என்கிட்ட ஏன் கேக்கீங்க? பாஹிமாகிட்டக் கேட்டீங்களா? மார்க்கத்துலயே பொண்ணோட சம்மதம் வேணும்னுதானே இருக்கு."

ஹாங்காங்கைக் கேட்டாயிற்று. திரைக்குப் பின்னால் கேட்டாயிற்று. வீட்டுக்குள்ளேயே இருக்கிற பிள்ளையை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. ருமைஸாவுக்கே வெட்கமாகப் போய்விட்டது. அவளுக்குத் தங்கையின் மனது தெரியும். தெரிந்தும் உம்மாவிடம் ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லாமல், மச்சான் சொல்லட்டும் என்று காத்திருந்தவள் அவளும்தான்.

"பாஹிமா எங்க?" என்றாள் ருகையா.

முன்னறையிலிருந்து பேச்சுக் குரல் கேட்டது.

*

மூன்று பேரும் போய் எட்டிப் பார்த்தார்கள். பாஹிமா மேசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். முக்காட்டுக்கு மேலே அனஸின் ஹெட்செட், அவள் தலைக்குப் பொருந்தாமல் காதோரம் சரிந்து நின்றது.

"ஆமா, பாஹிமாதான் பேசுறேன். உள்ள இருந்து யாரோ கத்திக்கிட்டே இருந்தாங்க, என்னன்னு எடுத்துப் பாத்தேன்."

கொஞ்ச நேரம் கேட்டாள். சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நீங்களா? நீங்க எப்படி இதுக்குள்ள வந்தீங்க? உங்க மச்சான் ஜுபைர் காக்கா சேத்து விட்டாகளா?"

மறுமுனையில் முஜாஹித். குளத்தில் முங்கினான் என்று பழி சுமந்த பாவம், வழக்கை நேரில் விசாரிக்கவே வந்துவிட்டான் போலிருக்கிறது.

"இல்ல. என்கிட்ட யாரும் கேக்கல" என்றாள் பாஹிமா. "இப்ப நீங்க கேக்கீங்களா?"

ருகையா ஒரு அடி எடுத்து வைத்தாள். நிக்காஹ் பேசி முடிக்காத பையனோடு மகள் பேசுகிறாள். ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? ருமைஸா உம்மாவின் கையைப் பிடித்தாள். பிடித்திருக்க வேண்டியதில்லை. ருகையா தானாகவே நின்றுவிட்டாள்.

பாஹிமா அப்போதுதான் அவர்களைப் பார்த்தாள். உம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ருகையா மெல்லத் தலையை அசைத்தாள்.

"எனக்குச் சம்மதம்" என்றாள் பாஹிமா. தெளிவாக, அவசரப்படாமல் சொன்னாள். "நீங்க எதிர்ல உக்காந்து பேசினா போதும். இந்த மாதிரிப் பொட்டிக்குள்ள இருந்து பேசாதீங்க."

பதிலுக்குக் காத்திருந்தாள். ஹெட்செட்டின் ஓரத்தில் எரிந்துகொண்டிருந்த நீல விளக்கு சிவப்பானது. இரண்டு முறை கண் சிமிட்டியது. அணைந்துவிட்டது.

"ஹலோ?" பாஹிமா ஹெட்செட்டைத் தட்டினாள். "ஹலோ?"

அனஸ் அதை வாங்கிப் பார்த்தான். "சார்ஜ் தீந்துட்டு. ராத்திரி போட மறந்துட்டேன்."

"நான் சொன்னது அவுகளுக்குப் போச்சா?"

யாருக்குத் தெரியும்? அனஸ் கம்ப்யூட்டரிடம் ஓடினான். சார்ஜ் வயரைத் தேடினான். அது கிடைப்பதற்குள் பள்ளிவாசலில் ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். மறுமுனையில் இருந்தவர்களும் கலைந்து போயிருந்தார்கள்.

"தூக்குச்சட்டியை எடு" என்றாள் ருகையா.

"சந்தனச்செல்வி அங்கன வேலைக்குப் போயிட்டாளே உம்மா."

"அவ எதுக்கு? நானே கொண்டு போறேன்."

ருமைஸா மக்ரூன் நிரம்பிய சட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். யார் வீட்டுப் படியும் லேசில் ஏறாத உம்மா, பர்தாவைப் போட்டுக்கொண்டு முடுக்கு வாசலுக்கு வந்து நின்றதைப் பார்க்கையில் அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. பாஹிமா பின்னாலேயே வந்து கதவைத் திறந்துவிட்டாள்.

வாசலில் சந்தனச்செல்வி நின்றுகொண்டிருந்தாள். அவள் இடுப்பில் ஒரு தூக்குச்சட்டி. போன வாரம் தம்மடை போட்டு அனுப்பிய, இவர்கள் வீட்டுச் சட்டி.

"ஹாஜியார் வீட்டம்மா இதை உங்ககிட்டக் குடுக்கச் சொன்னாக" என்று மூடியைத் திறந்து காட்டினாள். "நான் இதுல மீனு எதுவும் போடல."

சட்டி கழுவித் துடைத்து, வெறுமையாக இருந்தது.

பாஹிமா கதவைப் பிடித்துக்கொண்டாள். ருமைஸா தவிப்போடு கேட்டாள். "இதை எப்பக் குடுத்தாக? இப்பவா, முன்னாலயா?"

"குடுத்து நேரமாச்சு பிள்ள. வழியில மரியசெல்வி நின்னா. ஒரு வார்த்தை பேசிட்டு வாரேன்."

அவளுடைய ஒரு வார்த்தை எவ்வளவு நீளம் என்று அந்த முடுக்கில் எல்லாருக்கும் தெரியும். பாஹிமா சம்மதம் சொன்னதற்கு முன்னால் கிளம்பிய சட்டியா, கேட்ட பின்னும் கிளம்பிய சட்டியா? இனி அதை ஹாஜியார் வீட்டில்தான் கேட்க வேண்டும்.

ருகையா வெறும் சட்டியை வாங்கி மகளிடம் கொடுத்தாள். தன் கையில் இருந்த சட்டியின் மூடியை ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டாள்.

"சட்டி பேசினது போதும்" என்றாள். "நான் நேர்ல போய் வாயால கேட்டுக்கிடுதேன்."

சொல்லிவிட்டு, யாரையும் துணைக்குக் கூப்பிடாமல் முடுக்கில் இறங்கி நடந்தாள். பாஹிமா வெறும் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, உம்மா திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.